இருபது எண்ணும்வரை

மறதி வேறு, நிறுத்தம் வேறு. பக்கத் திரைக்குப் பின்னால் உட்கார்ந்து வசனம் எடுத்துக் கொடுக்கிறவளுக்குத் தெரிந்திருக்க வேண்டியது அந்த ஒன்றுதான். மேடையில் நிற்கிற ஆள் பேச்சை நிறுத்துகிறான். வேண்டுமென்றே நிறுத்தினானா, இல்லை அடுத்த வரி அவனை விட்டு ஓடிப்போய்விட்டதா? ஓடிப்போயிருந்தால் அவன் திணறுவதற்குள் காதில் போட்டுவிட வேண்டும். வேண்டுமென்றே நிறுத்தியிருந்தால் வாயைப் பொத்திக்கொண்டு இருக்க வேண்டும். பதினோரு வருஷத்தில் அவள் இதை மாற்றிச் செய்ததே இல்லை. அந்த வியாழக்கிழமை செய்துவிட்டாள்.

ஒத்திகை நடந்த இடம் அட்டைப்பெட்டிக் கம்பெனியின் பழைய கிடங்கு. தகரக் கூரை. மழைக்காலம் தொடங்கி மூன்று வாரம் ஆகியிருந்தது. ஒழுகுகிற இடங்களில் நான்கு வாளிகள் வைத்திருந்தார்கள். திங்கட்கிழமை விழா. ஆறு குறுநாடகங்கள், ஒவ்வொன்றும் பத்தே நிமிஷம். ஆறுக்கும் சேர்த்து ஒரு மேசை, நான்கு நாற்காலி, சக்கரம் வைத்த ஒரு கதவு. யார் நாடகத்தில் எது எங்கே நிற்க வேண்டும் என்று தரையில் கலர் கலராக நாடா ஒட்டியிருந்தது. இவர்களுக்குப் பச்சை. மழை ஈரத்தில் பச்சை நாடா மட்டும் பிய்ந்து பிய்ந்து வந்தது, சொல்லிவைத்த மாதிரி.

எல்லாரும் வேலை முடிந்து வருகிறவர்கள். அவள் சலவை ஆலையிலிருந்து வருவாள். ஆஸ்பத்திரி விரிப்புகளைச் சூடான உருளைக்குள் விட்டு, மறுபக்கம் வாங்கி மடிக்கிற வேலை. நாள் முழுக்க ஆவி சீறுகிற சத்தம். அந்தச் சத்தத்தில் கத்திப் பேசினால் ஒன்றும் கேட்காது. அடிக்குரலில், சத்தத்துக்குக் கீழே புகுந்து பேச வேண்டும். ஆலையில் எல்லாப் பெண்களுக்கும் அது வரும். அவளுக்குக் கொஞ்சம் கூடுதலாகவே வந்தது. பத்தடி தள்ளி நிற்கிற ஒருவர் காதில் மட்டும் போய் விழுகிற மாதிரி ஒரு வரியை எறிவாள். முன்வரிசையில் இருக்கிறவனுக்குக் கூடக் கேட்காது. குழுவில் அவளுக்குப் பெயர் முணுமுணுக்கா.

அவள் புருஷன் கடைசல் பட்டறையில் வேலை. தாழ்ப்பாள் கம்பி, கதவுக் கீல் ஊசி, இதெல்லாம் கடைகிறவர். வீட்டில் அவர் ஒரு கல்லுளிமங்கன். கேட்டதற்கு ஒரு வார்த்தை, கேட்காததற்கு அதுவும் இல்லை. ஆனால் மேடையில் ஏற்றிவிட்டால், யாரோ எழுதிய வார்த்தைகளை என்னமாய்ப் பேசுவார். "வீட்ல சேத்து வச்சதை இங்க கொண்டாந்து கொட்டுறாருக்கா" என்பான் கத்தரி. கத்தரி முடிதிருத்துகிறவன்; நாடகத்தில் இளம் மேனேஜர் வேஷம்.

நாடகம் இவ்வளவுதான்: ஒரு கம்பெனி. வயதான காவலாளி. புது மேனேஜர் வந்து, நாளையிலிருந்து நீங்கள் வர வேண்டாம் என்கிறான். காவலாளி அவனையே பார்க்கிறார். பிறகு சொல்கிறார்: "டீ குடிச்சிட்டுப் போங்க தம்பி." விளக்கு அணைகிறது.

முதலில் நடுவில் ஒரு நீளமான வசனம் இருந்தது. இயக்குநர் அதைப் புதன்கிழமை அடித்துவிட்டார். அவர் தபால் ஆபீசில் குமாஸ்தா; மடக்கின குடையை நீட்டி நீட்டித்தான் இயக்குவார். அதனால் குடை சார்.

"கடைசல், நீங்க ஒண்ணும் பேச வேணாம். மனசுக்குள்ள இருபது எண்ணுங்க. அப்புறம் டீ வரி. முணுமுணும்மா, குறிச்சுக்க. இருபது."

அவள் பென்சிலால் குறித்துக்கொண்டாள்: நிறுத்தம், 20.

வியாழக்கிழமை அந்த இடம் வந்தது. கத்தரி சொல்ல வேண்டியதைச் சொல்லி முடித்தான். அவர் நின்றார். காவலாளிக் கோட்டுப் பைக்குள் கையை விட்டுக்கொண்டு நின்றார். வாளியில் சொட்டு விழுகிற சத்தம் மட்டும். அவள் எண்ணினாள். ஏழு, எட்டு. அவர் முகத்தில் ஒன்றும் இல்லை. ஒன்பது. பத்து. அந்த முகத்தை நேற்று ராத்திரி சாப்பாட்டுத் தட்டுக்கு எதிரே அவள் பார்த்திருந்தாள். மகள் ஏதோ கேட்டபோது இதே மாதிரிதான் இருந்தார். பதினொன்று.

"டீ குடிச்சிட்டுப் போங்க தம்பி" என்று எறிந்துவிட்டாள்.

அவர் திடுக்கிட்டு அவள் பக்கம் திரும்பினார். கத்தரி சிரித்துவிட்டான். குடை சார் குடையைத் தரையில் தட்டினார்.

"யாரும்மா கேட்டா உன்னை டீ?"

"மறந்துட்டாருன்னு நெனச்சேன் சார்."

"மறக்கலையே! நல்லா நின்னாரே! ஊசி விழுந்தா கேக்குற மாதிரி நின்னாரு. நீ குண்டூசி டப்பாவையே கவுத்துட்டே."

"விடுங்க சார்," என்றான் கத்தரி. "அக்காவுக்கு டீ தாகம்."

யாருக்கும் தெரியாத ஒரு விஷயம் அவளுக்குத் தெரியும். பட்டறையில் கடைந்து முடித்த கம்பியைக் கையில் எடுத்து, பிசிறு இருக்கிறதா என்று கட்டைவிரலால் சுற்றித் தடவிப் பார்ப்பது அவர் வழக்கம். வசனம் மறந்தால் அந்தக் கட்டைவிரல் தானாக ஆள்காட்டி விரலின் மேல் சுற்ற ஆரம்பிக்கும், இல்லாத பிசிறைத் தேடுகிற மாதிரி. வேண்டுமென்றே நிறுத்தினால் கை அசையாது. அதை வைத்துத்தான் பதினோரு வருஷம் ஓட்டினாள். அவரிடம் கூடச் சொன்னதில்லை. சொன்னால் விரல் உஷாராகிவிடும். இந்த நாடகத்துக்கு அந்தக் கோட்டைக் கொடுத்தார்கள். கோட்டில் பை இருந்தது. பைக்குள் கை போய்விட்டது.

வீட்டுக்கு நடந்து வந்தார்கள். தூறல். குடைக்குள் இரண்டு பேரும் ஒருவர் தோளை ஒருவர் இடித்துக்கொண்டு.  தெருமுனை திரும்பியதும் தூரத்திலேயே தெரிந்தது, வீட்டுக் கதவு விரியத் திறந்து கிடப்பது. சாரல் உள்ளே அடித்து, வாசல்படியிலிருந்து மேசைக்கால் வரைக்கும் தண்ணீர்.

மகள் வந்து பதினாறு நாள். அன்றிலிருந்து கதவைச் சாத்த விடுவதில்லை. மகளின் புருஷன் டயர் கடை வைத்திருக்கிறான். காலையில் கடைக்குக் கிளம்பும்போது அவளை உள்ளே வைத்து வெளிப்பக்கம் தாழ்ப்பாள் போட்டுப் பூட்டிச் சாவியை எடுத்துப் போய்விடுவான். சாயங்காலம் வந்துதான் திறப்பான். அடித்தானா? இல்லை. சாப்பாட்டுக்குக் குறையா? இல்லை. "காலம் கெட்டுக் கெடக்கு அத்தை, பாதுகாப்புக்குத்தான்" என்று போனில் சொன்னான். ஏழு மாசம். ஒருநாள் அவன் பூட்ட மறந்துபோனான். அவள் போட்டிருந்த செருப்போடு பஸ் ஏறிவிட்டாள்.

இந்த வியாழக்கிழமை காலையில் அவனிடமிருந்து மறுபடி போன் வந்திருந்தது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வந்து கூட்டிப் போகிறானாம்.

அம்மா துடைப்புத் துணியை எடுத்துத் தரையைத் துடைத்தாள். மகள் முட்டை வேகவைத்து, உருளைக்கிழங்கு பொரித்து வைத்திருந்தாள். மூன்று பேரும் உட்கார்ந்தார்கள். தட்டுச் சத்தம். அவர் முட்டையை இரண்டாகப் பிளந்து, உப்புத் தூவி, பார்த்துக்கொண்டே இருந்தார். மகளிடம் அவர் பதினாறு நாளில் பேசியது பத்து வார்த்தை இருக்கும்.

அம்மா தண்ணீர் எடுக்கிற சாக்கில் அவர் முதுகுப்பக்கம் போனாள். அடிக்குரலில் எறிந்தாள்: "வேலைக்கு ஏதாச்சும் பாக்குறியான்னு கேளுங்க."

"வேலைக்கு ஏதாச்சும் பாக்குறியா பாப்பா?" என்றார் அவர்.

மகள் கரண்டியைக் கீழே வைத்தாள்.

"அம்மா, எனக்குக் கேட்டுச்சு."

"என்ன கேட்டுச்சு?"

"நீ எடுத்துக் குடுத்தது. நான் இந்த வீட்ல பொறந்தவம்மா. உன் முணுமுணுப்பு எனக்குக் கேக்காதா? முந்தாநாள் 'தூங்கினியா'ன்னு கேட்டாரே, அதுவும் நீதான். அன்னிக்கு ஆரஞ்சு வாங்கிட்டு வந்து 'உனக்குத்தான்'னாரே, அதுவும் நீதான்."

"ஆரஞ்சு அவரே வாங்கினது" என்றாள் அம்மா.

"வசனம் உன்னுது."

அவர் எழுந்து தட்டைக் கழுவப் போய்விட்டார். குழாய்ச் சத்தம் நெடுநேரம் கேட்டது. ஒரு தட்டுக்கு அவ்வளவு தண்ணீர் தேவையில்லை.

மகள் குரலைத் தணித்துக்கொண்டாள். "இங்க பாரும்மா. ஞாயித்துக்கிழமை அவர் வருவாரு. அப்பா இருன்னு சொன்னா இருக்கேன். சொல்லலைன்னா கிளம்பிடறேன்."

"என்னடி பேச்சு இது! நான் சொல்றேன், இரு."

"நீ சொல்லுவே. எனக்குத் தெரியும். இது அவரு வீடும்மா. அவர் மனசுல இவ என்னைக்குப் போவாளோன்னு இருந்தா, நான் எத்தனை நாள் நாற்காலி மாதிரி ஒரு மூலையில கெடக்குறது? அங்கயாவது பூட்டு கண்ணுக்குத் தெரியுது."

"அவரு அப்படி நெனைக்கிறவரில்ல."

"அதை அவரு சொல்லட்டும். நீ எடுத்துக் குடுக்கக் கூடாது. சத்தியம் பண்ணு."

அவள் சத்தியம் பண்ணவில்லை. "சரி" என்றாள். அந்த வீட்டில் அதுவே சத்தியம்.

வெள்ளிக்கிழமை ஆலையில் இரண்டு விரிப்புகளைக் கருக்கினாள். உருளைக்குள் விட்டுவிட்டு மறுபக்கம் போய் வாங்க மறந்து நின்றாள். கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. கூட வேலை செய்கிறவள், "என்னக்கா, நாடகத்துல நீதான் கதாநாயகி மாதிரி பதட்டப்படறே" என்றாள். வாயில் ஒரு வரி வந்து வந்து முட்டியது: இங்கேயே இரு பாப்பா. மூன்றே வார்த்தை. அவர் காதில் போட ஒரு நொடி ஆகாது. போட்டுவிட்டால் அவர் சொல்லிவிடுவார், தப்பில்லாமல், ஏற்ற இறக்கத்தோடு. ஆனால் மகளுக்குக் கேட்டுவிடும். அவர் சொன்னதா இவள் சொன்னதா என்று இவள் கண்ணைப் பார்த்தே மகள் கண்டுபிடித்துவிடுவாள். அப்புறம் அந்த மூன்று வார்த்தைக்கு ஒரு மதிப்பும் இருக்காது.

சனிக்கிழமை ஒத்திகைக்குப் போகிற வழியில் பொறுக்கமுடியாமல் கேட்டாள்.

"நாளைக்கு மாப்பிள்ளை வர்றாரு. என்ன செய்யறதா இருக்கீங்க?"

"ம்."

"ம்னா?"

"பாக்கலாம்."

"என்னத்தைப் பாக்குறது? பதினெட்டு நாளாப் பாத்தாச்சு."

அவர் குடையை அவள் பக்கம் சாய்த்துப் பிடித்தார். அவர் இடது தோள் நனைந்தது. அவ்வளவுதான் பதில்.

அன்றைக்கு ஒத்திகையில் இருபது எண்ணுகிற இடம் ஒழுங்காகப் போனது. அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவர் நின்றார், பார்த்தார், டீ வரியைச் சொன்னார். கிடங்கில் இருந்த மற்றக் குழுக்காரர்கள் கூட ஒரு நிமிஷம் வாய் மூடினார்கள். "அப்படிப் போடு!" என்றார் குடை சார். "இன்னொரு தடவை, முதல்லேர்ந்து."

இரண்டாம் தடவை, ஆரம்பத்திலேயே, கத்தரி "எத்தனை வருஷமா இங்க இருக்கீங்க?" என்று கேட்கிற இடத்தில் அவர் நின்றுவிட்டார். கை பைக்குள். அவள் தாளைப் பார்த்தாள். "முப்பத்தோரு வருஷம் தம்பி, நீங்க பொறக்கறதுக்கு முன்னாடி" என்று வரி இருந்தது. எறியலாமா? இவரே ஒரு நிறுத்தம் சேர்த்துக்கொள்கிறாரோ? வியாழக்கிழமை வாங்கின திட்டு காதில் இருந்தது. அவள் வாயைத் திறக்கவில்லை. அவர் நின்றார், நின்றார். நெற்றியில் வேர்வை. கண் மெல்லப் பக்கத் திரையைத் தேடிக்கொண்டு வந்தது. அப்போதுதான் தெரிந்தது, மறதி.

அதற்குள் கத்தரி, "ரொம்ப வருஷம்னு முகத்தைப் பாத்தாலே தெரியுது பெரியவரே" என்று போட்டு நிரப்பிவிட்டான்.

குடை சார் இந்த முறை கத்தவில்லை. பக்கத்தில் வந்து மெதுவாகப் பேசினார். அதுதான் அவளுக்குச் சுட்டது.

"என்னம்மா ஆச்சு உனக்கு? வேணாங்கிறப்போ குடுக்கறே, வேணும்கிறப்போ உக்காந்திருக்கே. வீட்ல ஏதாவதா?"

"ஒண்ணுமில்ல சார். இந்த இடத்துல வெளிச்சம் பத்தல."

"ஆடத் தெரியாதவளுக்குக் கூடம் கோணலாம்" என்றான் கத்தரி வாளியைக் காலி செய்துகொண்டே. பிறகு அவள் முகத்தைப் பார்த்து, "சும்மா சொன்னேன்க்கா" என்றான்.

"நாளைக்கு நாலு மணிக்குக் கடைசி ஒத்திகை," என்றார் குடை சார். "நாளைக்கும் இப்படியே இருந்தா நான் கத்தரி சம்சாரத்தை உக்கார வைக்கிறேன். தப்பா நெனச்சுக்காதே."

அவள் கோட்டை வீட்டுக்கு எடுத்து வந்தாள். தையல் விட்டிருக்கிறது என்று சொன்னாள். தையல் எங்கேயும் விடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை மழை வெறித்து, மறுபடி பிடித்துக்கொண்டது. மகள் பையை மடித்து நாற்காலியின் மேல் வைத்திருந்தாள். போகிற மாதிரியும் வைக்கவில்லை, இருக்கிற மாதிரியும் வைக்கவில்லை. அம்மா வெளிச்சத்துக்காகத் திறந்த கதவு ஓரமாக உட்கார்ந்து, கறுப்பு நூலைக் கோத்து, கோட்டின் வலது பை வாயை நெருக்க நெருக்கத் தைத்தாள். நூலைப் பல்லால் கடித்துவிட்டு, "போட்டுப் பாருங்க" என்றாள்.

அவர் போட்டுப் பார்த்துக்கொண்டிருக்கும்போது மாப்பிள்ளை வந்து நின்றான்.

நல்ல சட்டை. கையில் பழப்பை. குடையை வாசலில் உதறிவிட்டு உள்ளே வந்தான். "என்ன அத்தை, கதவு இப்படித் தொறந்து கெடக்கு? வீடெல்லாம் தண்ணி" என்று, சொந்த வீட்டுக்கு வருகிற மாதிரி கையைப் பின்னால் விட்டுக் கதவைச் சாத்தினான். மகள் சட்டென்று சுவரோரம் நகர்ந்தாள். அதைப் பார்த்தது இரண்டே பேர். அம்மாவும் அவரும்.

"கிளம்பலாமா?" என்றான் மாப்பிள்ளை. "மூணு மணி பஸ் இருக்கு. என்ன மாமா, வாட்ச்மேன் வேலைக்குச் சேந்துட்டீங்களா?"

யாரும் சிரிக்கவில்லை.

"நாடகத்துக்கு" என்றாள் அம்மா.

"ஓ. இவ நடத்துற நாடகம் போதாதுன்னா?" அவன் மகளைப் பார்த்தான். "இத்தனை நாள் கடையைப் பாப்பேனா, சோத்தைப் பாப்பேனா? மாமா, நீங்க சொல்லுங்க. பெரியவங்க நீங்க ஒரு வார்த்தை சொன்னா கிளம்பிடுவா."

மகள் அப்பாவைப் பார்த்தாள். அம்மாவைப் பார்க்கவில்லை, பார்க்கக் கூடாது என்று கழுத்தை அப்படியே வைத்திருந்தாள்.

அவர் வலது கை கோட்டுப் பைக்குப் போனது. தையலில் வழுக்கி வெளியே வந்தது. மறுபடி போனது, மறுபடி வழுக்கியது. என்ன செய்வதென்று தெரியாமல் நாற்காலி முதுகின் மேல் போய் உட்கார்ந்தது.

அம்மா எண்ண ஆரம்பித்துவிட்டாள், தன்னை அறியாமல். மூன்று, நான்கு. கட்டைவிரல் அசைந்தது. ஆள்காட்டி விரலின் மேல் ஒரு சுற்று, இன்னொரு சுற்று. வரி இல்லை அவரிடம். அவள் வாய் திறந்தது. மூன்று வார்த்தையும் நாக்கு நுனியில் வரிசையாக நின்றன. ஆறு. ஏழு. மகளின் கழுத்து. எட்டு.

விரல் நின்றது.

நின்றே இருந்தது. பிசிறைக் கண்டுபிடித்துவிட்டு அதன் மேலேயே அழுத்திப் பிடித்த மாதிரி. அவள் திறந்த வாயை மூடிக்கொண்டாள். பல் உதட்டில் பதிந்தது. வெளியே தகரத்தில் மழை. மாப்பிள்ளை ஒரு காலிலிருந்து மறு காலுக்கு மாறினான். "என்ன மாமா?" என்றான். பதினாறு. பதினேழு.

"டீ குடிச்சிட்டுப் போங்க மாப்ள" என்றார் அவர்.

 அந்த வரியா! தோற்றுப்போன காவலாளியின் வரியா! கதை முடிந்தது, விளக்கை அணைத்துவிடலாம். மகள் குனிந்து பையை எடுத்தாள்.

"தனியாப் போங்க" என்றார் அவர்.

மாப்பிள்ளைக்குப் புரியவில்லை. "என்னது?"

"பாப்பா வரல. இங்கதான் இருக்கும்." குரல் மேடைக் குரல் இல்லை. கரகரவென்று, ஏற்ற இறக்கம் இல்லாமல், இடையிடையே தடுக்கிக்கொண்டு வந்தது. "நான் தாழ்ப்பாள் கடையறவன். இருபத்தாறு வருஷமா. வெளிப்பக்கம் போடுற தாழ் எதுக்குன்னு எனக்குத் தெரியும். சாமான் கிடங்குக்குப் போடுறது. மாட்டுக் கொட்டகைக்குப் போடுறது. மனுஷங்க இருக்கிற வீட்டுக்கு... வீட்டுக்கு உள்பக்கம்தான் தாழ்."

"பாதுகாப்புக்குத்தான் மாமா..."

"உள்பக்கம்தான்" என்றார் மறுபடி. அதற்கு மேல் அவரிடம் ஒன்றும் இல்லை. அதையே மூன்றாம் தடவையும் சொன்னார்.

மாப்பிள்ளை அத்தையைப் பார்த்தான், மாமாவைப் பார்த்தான். "எல்லாரும் சேந்து எழுதி வச்சிருக்கீங்க" என்றான். இன்னும் என்னென்னவோ சொன்னான். ஊர் என்ன சொல்லும், நாளைக்கு யார் பொறுப்பு, அப்புறம் வந்து காலில் விழுந்தாலும் கிடையாது. டீ குடிக்கவில்லை. பழப்பையை விட்டுவிட்டுப் போனான். ஐந்தாறு அடி போய்த் திரும்பி வந்து, அதையும் எடுத்துக்கொண்டு போனான்.

 பிறகு மகள் கதவுப் பக்கம் நடந்தாள். சாரல் உள்ளே வந்துகொண்டிருந்தது. மெல்லச் சாத்தினாள். தாழ்ப்பாளைத் தடவிப் பார்த்தாள். அப்பா கடைந்த கம்பிதான். உள்பக்கம் போட்டாள், எடுத்தாள், மறுபடி போட்டாள்.

"அம்மா," என்றாள் முதுகைத் திருப்பாமலே. "நீ ஏதாவது...?"

"என் உதட்டைப் பாருடி. ரத்தம் வருது."

மகள் திரும்பிப் பார்த்தாள். பார்த்துச் சிரித்தாள், சிரிப்பு அழுகைப் பக்கம் போய்த் திரும்பி வந்தது. "ஒத்திகைக்கு நேரமாச்சு" என்றார் அவர், யாரையும் பார்க்காமல். அதுவும் யாரும் எடுத்துக் கொடுக்காத வரிதான்.

நாலு மணிக்கு மூன்று பேரும் போனார்கள். மகள் பச்சை நாடாவைப் புதிதாக ஒட்டிக் கொடுத்தாள். கத்தரி அவளிடம், "நீங்கதான் முணுமுணுக்காவோட பொண்ணா? உங்களுக்காவது சத்தமாப் பேச வருமா?" என்றான். "வரும், வேணுமா?" என்றாள் அவள், கிடங்கே திரும்பிப் பார்க்கிற மாதிரி.

விளக்கு போட்டார்கள். அவள் பக்கத் திரைக்குப் பின்னால், தாளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். முப்பத்தோரு வருஷ வரி தடுக்காமல் வந்தது. கத்தரி சொல்ல வேண்டியதைச் சொல்லி முடித்தான். அவர் பார்த்தார். பைக்குப் போன கை வழுக்கித் தொங்கியது. அசையவில்லை. பத்து. பதினைந்து. குடை சார் குடையைக் கட்டிப்பிடித்தபடி மூச்சு விடாமல் நின்றார். இருபது.

இருபத்தொன்று. இருபத்திரண்டு.

இருபத்து மூன்றில் கட்டைவிரல் சுற்ற ஆரம்பித்தது. சுத்தமான மறதி. எப்படி மறப்பார் அந்த வரியை, மத்தியானம்தானே சொன்னார்? அதனால்தான் மறந்தார். அடுத்து என்ன வரும் என்று அவருக்கே பயமாகியிருக்க வேண்டும்.

அவள் குனிந்து, சத்தத்துக்குக் கீழே, அவர் காதுக்கு மட்டும் எறிந்தாள்:

"டீ குடிச்சிட்டுப் போங்க தம்பி. அதோட நிறுத்திக்கங்க."